ஸ்பானிய மொழியில் அசையும் அழுத்தமும்



முன்பின் அறியாத ஒரு சொல்லை எழுத்திற் கண்டவுடன், அதன் எந்தப் பகுதியை அழுத்தி ஒலிப்பது என்று அறியக்கூடுமா? ஆங்கிலம் பயிலும் மாணவன் இதற்கு அகராதியையோ ஆசிரியரையோ நாடுகின்றான். ஸ்பானியம் பயில்வோனுக்கோ எழுத்தே வழிகாட்டுகின்றது.

இது சிறு நன்மையன்று. அம்மொழியில் அழுத்தம் இடம் மாறினாற் பொருளும் மாறும். 'தெர்மினோ' என்பதன் முதலசையை அழுத்தினால் 'எல்லை' எனப் பொருள்படும். இடையசையை அழுத்தினால் 'நான் முடிக்கின்றேன்' என்றாகும். இறுதியசையை அழுத்தினால் 'அவன் முடித்தான்' என்றாகும். செய்பவனும் காலமும் மாறிவிடுகின்றன அல்லவா?

அழுத்தத்தை அறியுமுன் அசையைப் பிரித்தறிதல் வேண்டும். நமது யாப்பிலக்கணம் கூறும் நேரசை நிரையசைகளை இங்குக் கருதுதல் கூடாது. உயிரொலியை நடுவாகக் கொண்டு ஒரே முயற்சியில் ஒலிக்கும் பகுதியே இங்கு அசையாம். இரண்டு உயிர்களுக்கிடையே ஒரு மெய் வரின், அது பின்னுள்ள உயிரைச் சேரும்: கை என்னும் பொருளுடைய 'மா-னோ' போல. இரண்டு மெய்கள் வரின் பெரும்பாலும் பிரியும்: கடிதத்தைக் குறிக்கும் 'கார்-தா' போல. ஆயினும் ப், த், க் என்பவற்றின் பின் ர் வரின் அவை பிரியா: புத்தகம் 'லி-ப்ரோ' ஆகும்.

இனி அழுத்தம். உயிரிலோ, ன் அல்லது ஸ் என்னும் எழுத்திலோ முடியும் சொல்லுக்கு ஈற்றயலசையில் அழுத்தம் விழும். ஏனைய மெய்களில் முடிவதற்கு ஈற்றசையில் விழும். தாளைக் குறிக்கும் 'பா-பெல்' ஈற்றிலே அழுத்தம் பெறும். இவ்விதிக்கு மாறுபடும் சொல்லில், அழுத்தம் பெறும் உயிரெழுத்தின்மேல் சாய்ந்த சிறுகோடு ஒன்று இடுவர்.

இளைஞனைக் குறிக்கும் 'ஹோ-வென்' விதிக்கு அடங்கியது, கோடு வேண்டியதில்லை. பன்மையாகிய 'ஹோ-வெ-னெஸ்' என்பதிலும் அழுத்தம் 'ஹோ'விலேயே நிற்கின்றது. ஆனால் விதிப்படி அது 'வெ'யில் விழ வேண்டும். ஆதலின் பன்மையில் மட்டும் கோடு தோன்றுகின்றது. கோடு ஓர் அணியன்று. விதி தவறும் இடத்தைக் காட்டும் அறிவிப்பே அது.

பேசுவதுபோல் எழுதுக, எழுதியதுபோல் ஒலிக்க என்னும் கொள்கையை நெப்ரிஹா என்பார் 1492இல் வெளியிட்ட ஸ்பானிய இலக்கணத்தில் வலியுறுத்தினார். 1713இல் நிறுவப்பெற்ற ஸ்பானிய அரச அகாதமி எழுத்து விதிகளைப் படிப்படியாகச் செப்பஞ்செய்தது. அதன் பயனாக, ஒரு சொல்லை ஒருபோதும் செவியுறாத சிறுவனும் அதனைப் பிழையின்றி அழுத்தி வாசிக்க வல்லவனாகின்றான். ஆசிரியர் அருகில்லாத இடத்தும் கற்பிக்கும் எழுத்தன்றோ அது!