மண்ணுக்குள் ஒரு தவளை

தவளை என்றால் குளம், வாய்க்கால், நெல் வயல் என்றுதான் நினைப்போம். மண்ணுக்குள்ளேயே வாழும் தவளையும் உண்டு. அதுவும் நம் அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்து மலையில்!

கம்பம்மெட்டு ஏறிப் போனால் கேரளத்துக் கட்டப்பனை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். அங்கே கிடைத்த தவளையை வைத்துத்தான் 2003-ல் ஒரு புதிய குடும்பத்தையே உலகுக்கு அறிவித்தார்கள். ஊதா நிறம், கூர்மூக்கு, சின்னக் கண். உப்பிய கத்தரிக்காய் மாதிரி இருக்கும்.

பின்கால்களால் மண்ணைத் தோண்டும். பின்பக்கமாகவே உள்ளே இறங்கும். கரையான்தான் அதற்குச் சாப்பாடு. ஆண்டு முழுக்க மண்ணுக்குள். இணை சேர மட்டும் மழைக்காலத்தில் சில நாள் வெளியே வரும். மறுபடியும் மண்ணுக்குள். அதனால்தான் இத்தனை காலம் ஆய்வாளர்கள் கண்ணில் படவில்லை. தலைப்பிரட்டைகளோ மலை ஓடையில் வளரும். வெள்ளம் அடித்துப் போகாமல், வாயால் பாறையைக் கவ்விக்கொள்ளும்.

தமிழ்நாட்டுப் பக்கமும் இதே குடும்பத்துத் தவளை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயப் பகுதியில் கண்டார்கள். கோவையில் பணியாற்றி மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரையே 2017-ல் அதற்குச் சூட்டினார்கள். நல்ல மரியாதை!

இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் எங்கே தெரியுமா? கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகளில். அந்தத் தீவுகளும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்த காலத்து உறவு அது.

மலைத்தோட்டத்தில் மண்வெட்டி போடுகிறவர்களே, ஊதாவாக ஏதாவது நெளிந்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். அது கடிக்காது. தானாகவே மண்ணுக்குள் போய்விடும்.