தேயிலை இலையில் ஒரு சிவப்புப் புள்ளி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விஞ்ஞானம் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் ஆராய்ச்சியாளர் அல்ல. உயர்தர மாணவிகளுக்கு உயிரியல் படிப்பிப்பவள். ஆகவே என் அம்மா கேட்ட ஒரு கேள்வியை வைத்துப் பேசுகிறேன்.

அம்மா கண்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். வெயில் காலத்தில் தேயிலையின் முற்றிய இலைகள் செம்பு நிறமாகிவிடும். சிவப்புச் சிலந்தி என்போம். கொழுந்து குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். அந்தப் பேரில்தான் என் விடுதிக் கட்டணமும் இருந்தது.

ஒரு விடுமுறை முடிந்து வரும்போது அந்த இலையைக் கொண்டுவந்தேன். உயிரியல் ஆசிரியை அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். அரை மில்லிமீற்றர்கூட இல்லாத சிற்றுண்ணிகள்! சில ஆறு காலோடும் சில எட்டுக் காலோடும் நடந்தன. முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால், தோலுரித்த பின்னரே எட்டு என்று விளக்கினார்.

1861இல் நீட்னர் என்பவர் இலங்கையின் கோப்பிச் செடியில் கண்டு இதை விபரித்தார். இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை பெருகியபோது இது தேயிலையில் தங்கிவிட்டது. ஆனாலும் விஞ்ஞானப் பெயர் இன்றும் ஒலிகோனிக்கஸ் கொஃபியேதான்.

இதன் உறவான இருபுள்ளிச் சிற்றுண்ணியிலேயே மரபணு ஆய்வுகள் அதிகம் நடந்தன. ஒரு மரபணுவைப் பிரித்து, பற்றீரியாவுக்குள் வைத்துப் பல படிகள் எடுப்பது குளோனிங். அந்தப் படியைக் கொண்டு, அம்மரபணு கருவில் எங்கே, எப்போது வேலை செய்கிறது என்று நிறமேற்றிப் பார்க்கலாம். அதுவே வெளிப்பாடு. பழ ஈயின் உடலைக் கண்டங்களாகப் பிரிக்கும் இரண்டு மரபணுக்களின் உறவுகள், சிற்றுண்ணியின் கருவிலும் கோடு கோடாகத் தெரிந்ததை 2002இல் வெளியிட்டார்கள். 2007இல், கால் வளர உதவும் டிஸ்டல்-லெஸ் என்ற மரபணுவைத் தாயின் உடலில் ஊசி ஏற்றி அடக்கினார்கள். குஞ்சுகளின் கால்கள் குறுகிப் போயின. 2011இல் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 9 கோடி எழுத்துக்கள். மற்றப் பல கணுக்காலிகளின் வயிற்றுப் பகுதியை அமைக்கும் ஒரு மரபணு அதில் இல்லவே இல்லை. அதன் உடல் சுருங்கியிருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். அம்மா கேட்டார்: "அப்ப மருந்து கண்டுபிடிச்சாச்சா புள்ள?"

இல்லை என்றேன். மருந்து அடிக்க அடிக்க இவை அதற்குப் பழகிவிடுகின்றன. அதனால்தான் மரபணுவை அடக்கும் வழியைப் பயிர்ப் பாதுகாப்புக்கும் ஆராய்கிறார்கள்.

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "நெழல் மரம் நிக்கிற பக்கம் இது கம்மியாத்தான் இருக்கும்." உண்மைதான். நிழலற்ற மலைகளில்தான் தாக்கம் அதிகம் என்று நூல்களும் சொல்கின்றன. நூல் இல்லாமலே அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

சகோதரிகளே, இன்றும் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் இங்கே படிக்க வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் இலையைப் பார்க்க ஆய்வுகூடத்தில் நல்ல நுணுக்குக்காட்டிகள் வேண்டும். உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நாம் சேர்ந்தால் இந்த ஆண்டே வாங்கிவிடலாம்.