மண்ணைப் பார்க்காமல் ரோடு காண்ட்ராக்டா?

(பள்ளிப்பட்டு விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



சித்தூர் – தச்சூர் ஆறுவழிச் சாலைக்காக நம்ம பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை தாலுகாக்களில் நிலம் எடுத்தார்கள். நஷ்டஈடு பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்றைக்கு நாம் கேட்பது வேறு கேள்வி. ரோட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணுக்கு யார் பொறுப்பு?

நாம் கிணறு வெட்ட ஆள் விட்டால் எப்படிப் பேசுகிறோம்? மண்ணுக்கு ஒரு கூலி, பாறைக்கு ஒரு கூலி. போர் போட்டால் அடிக்கு இவ்வளவு, கேசிங் பைப்புக்குத் தனி. பூமிக்குள்ளே என்ன இருக்குதுன்னு நமக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது. அதனால் முன்னாடியே பேசி வைக்கிறோம். மொத்தமாக இவ்வளவுன்னு குறைஞ்ச ரேட்டுக்கு ஒத்துக்கிட்டவன், பாறை வந்ததும் கடப்பாரையைப் போட்டுட்டுப் போயிடுவான்.

படிக்காத நமக்குத் தெரிந்த இந்த நியாயம் நெடுஞ்சாலை டெண்டரில் இல்லை. மண் சோதனையை ஆலோசனைக் கம்பெனி செய்து திட்ட அறிக்கையில் எழுதுகிறது. தகுதி உள்ளவர்களில் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. ஆனால் இடத்தையும் அடிமண்ணையும் தானே ஆராய்ந்து பார்த்ததாக ஒப்பந்ததாரர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறது. டெண்டர் போடக் கிடைக்கிற கொஞ்ச நாளில் அத்தனை கிலோமீட்டரையும் எவர் தோண்டிப் பார்ப்பார்? மண்ணுக்குப் பயந்து ரேட்டைக் கூட்டியவர் வெளியே. கண்ணை மூடிக்கொண்டு குறைத்தவர் உள்ளே!

அப்புறம் சேற்று மண் வந்தால் அவர் எதில் மிச்சம் பிடிப்பார்? ஓடைக்கு வைக்கிற குழாயில், கரையைக் கெட்டிக்கிற வேலையில். அந்த நஷ்டம் கடைசியில் நம்ம வயலுக்கு.

வெளிநாடுகளில் பரவலாகப் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்தப் படிவத்தில், அனுபவசாலியும் முன்கூட்டி ஊகிக்க முடியாத மண், பாறை வந்தால் ஒப்பந்ததாரருக்குக் கூடுதல் காலமும் செலவும் கொடுக்க வழி இருக்கிறது. இங்கேயும் ஏன் அப்படி எழுதக்கூடாது?

இது வெறும் பயமில்லை. கேரளா மலப்புரம் மாவட்டம் கூரியாட்டில், வயல்வெளியில் உயர்த்திய தேசிய நெடுஞ்சாலை 66-இன் மண்கரை 2025 மே 19-ந் தேதி சரிந்தது. மழையில் ஊறிய வயல் மண் பாரம் தாங்கவில்லை என்று நெடுஞ்சாலை ஆணையமே சொன்னது. கம்பெனிக்கு டெண்டரில் கலந்துகொள்ளத் தடை போட்டார்கள். சொந்தச் செலவில் தூண் பாலம் கட்டச் சொன்னார்கள். முதலிலேயே தூண் பாலம் போட்டிருந்தால்?

நம்ம ஊர் எப்படி? 2021 நவம்பரில் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணை உபரிநீர் வந்தபோது கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கி, ஊர்கள் துண்டானதை மறக்க முடியுமா? கோடையில் காய்ந்த மண்ணைச் சோதித்துவிட்டு, கார்த்திகை மழையில் அதுவே தாங்கும் என்று கணக்குப் போடலாமா? எந்த வயலில் கார்த்திகையில் முழங்கால் புதையும் என்று நமக்குத் தெரியும். நம்மை யாரும் கேட்பதில்லை!

ஆகவே நாம் கேட்கிறோம்:

1. டெண்டருக்கு முன்பே, மழைக்காலத்திலும் சேர்த்து மண் சோதனை செய்ய வேண்டும். முடிவைத் தமிழில் கிராமசபையில் வைக்க வேண்டும்.

2. ரேட்டை மட்டும் பார்க்காதே! இதுபோன்ற மண்ணில் வேலை செய்த அனுபவத்தையும் பார்.

3. எதிர்பாராத மண் வந்தால் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுது. அந்தச் செலவைப் பாலத்தையும் மதகையும் சுருக்கி ஈடுகட்டாதே.

4. ஏரிக்குக் கீழேயும் ஆற்று ஓரத்திலும் மண்கரை வேண்டாம். தண்ணீர் போகிற அளவுக்குப் பாலம் கட்டு.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. 2005 தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு உங்கள் ஊருக்கான மண் சோதனை அறிக்கையும் ஒப்பந்த நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வெள்ளம் ஏறிய மட்டத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, சர்வே எண்ணோடு குறித்து வையுங்கள். அந்தக் காகிதங்களோடு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊர் ஊராகத் திரண்டு வாருங்கள்!

மண்ணை அறிந்தவனைக் கேள்! மண்ணைச் சோதித்து வேலையைக் கொடு!