வேட்பாளரின் நாணயம்



'நாணயம்' என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். ஒருவரது நேர்மையும் நாணயம். காசு நல்லதா என்பதைச் சுண்டிப் பார்த்து அறியலாம். தேர்தலில் நிற்பவரின் நாணயத்தை எவ்வாறு அறிவது?

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அவை, ஊர் வாரியங்களுக்குக் குடவோலை வாயிலாக உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. நிலமும் மனையும் உடையோர்க்கே அங்கு இடமிருந்தது. ஆதலின் அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிடல் ஆகாது. ஆயினும் ஒரு விதி போற்றத்தக்கது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் குடத்தில் இடப்படலாகாது என்பதே அது.

இன்றும் கணக்குக் கேட்கும் சட்டம் உண்டு. வேட்பாளர் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. இவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்பதை 2003ஆம் ஆண்டில் மீண்டும் உறுதிசெய்தது. பிரமாணப் பத்திரத்தில் பொய் எழுதினால் 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சட்டம் இருந்தும் குறை எங்கே? என் அநுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

1994ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பள்ளியில், மாணவர் பண்டகசாலைச் செயலாளர் தேர்தல் நடந்தது. முந்திய ஆண்டின் செயலாளனே மீண்டும் நின்றான். அவன் எழுந்து, "கணக்கில் 12 ரூபாய் குறைந்தது. கடனாகக் கொடுத்த நோட்டுகளை எழுதிவைக்க மறந்தேன். பிழை என்னுடையது, அத்தொகையை நானே கட்டிவிட்டேன்" என்றான். எதிர்த்து நின்றவனோ, "நோட்டுகளையெல்லாம் பாதி விலைக்குத் தருவேன்" என்றான். கொள்முதல் விலையே அதைவிட மிகுதி என்பதை நான் அறிவேன். பாதி விலை சொன்னவனே வென்றான். நானும் முடிவை அறிவித்து, கைதட்டச் சொன்னேன்.

மாலையில் தோற்றவன் பெட்டிச் சாவியை ஒப்படைக்க வந்தான். "ஐயா, அந்த 12 ரூபாயைச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா?" என்று கேட்டான். "நேரமாகிறது, வீட்டுக்குப் போ தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

அன்று சொல்லத் தவறிய விடையை இன்று உங்களிடம் சொல்கிறேன். அவன் செய்தது சரி. கேட்டிருந்த நாங்களே தவறினோம். உண்மை சொன்னவனைத் தோற்கடித்தோம்; ஆகாததைச் சொன்னவனுக்கு மாலையிட்டோம். அடுத்து நிற்பவர் எதைக் கற்றுக்கொள்வார்? வேட்பாளர் பொய்க்கு நாமே ஆசிரியராகிறோம்.

18 வயது நிரம்பியதும் வாக்குரிமை உங்களை வந்தடையும். அப்பொழுது பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். பதவியில் இருந்தவரிடம் கணக்குக் கேளுங்கள். வாக்குறுதி தருபவரிடம், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என வினவுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, "இது என்னால் ஆகாது" என்று மெய் சொல்பவரை அதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள். பொய்க்கு வாக்களித்துவிட்டு நல்லாட்சியை எதிர்பார்ப்பது, எட்டியை நட்டு மாங்கனிக்குக் காத்திருப்பதை ஒக்கும்.