மகுடம் கேட்ட கையெழுத்து

ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து! அதைப் போட்டிருந்தால் வீடு உண்டு, மனைவி மக்கள் உண்டு, ஆற்றங்கரைத் தோட்டம் உண்டு, மன்னனின் அன்புக் கரமும் தோள்மீது உண்டு. போட மறுத்ததால் கிடைத்தது என்ன? ஓராண்டுக்கும் மேலாகச் சிறைவாசம். அதன் முடிவிலே கோடரி! 1535ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், லண்டன் மாநகரின் டவர் குன்றிலே ஒரு தலை உருண்டது. அந்தத் தலைக்கு உரியவர், மூன்றாண்டுகளுக்கு முன்புவரை இங்கிலாந்தின் லார்டு சான்சலர். அரச முத்திரையைக் காத்தவர். நீதித்துறைக்குத் தலைவராக வீற்றிருந்தவர். 'உட்டோப்பியா' என்ற நூலை 1516இலே எழுதி ஐரோப்பாவின் அறிஞர்களையெல்லாம் திரும்பிப் பார்க்கச் செய்தவர். பெயர் தாமஸ் மோர். அவரைக் கொல்லச் செய்தவனோ எட்டாம் ஹென்றி. அவருடைய தோட்டத்திலே தோளில் கைபோட்டு உலாவிய நண்பன்!

இந்த வரலாற்றைத் திரையிலே தீட்டிக் காட்டிய படம் 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்'. எல்லாப் பருவங்களுக்கும் ஏற்ற மனிதன் என்று பொருள்படும் பெயர். 1966இல் வெளிவந்தது. எழுதியவர் ராபர்ட் போல்ட். இயக்கியவர் பிரெட் ஜின்னமன். மோராக நடித்தவர் பால் ஸ்கோஃபீல்ட். சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த நடிப்பு உட்பட ஆறு ஆஸ்கார் விருதுகளை 1967இலே அள்ளிக் கொண்டது. போரும் இல்லை, புரவிப் படையும் இல்லை. ஆடல் பாடல் கேளிக்கை எதுவும் இல்லை. பேச்சு, பேச்சு, பேச்சு! ஆனாலும் இருந்த இடத்தைவிட்டு எழ மனம் வருவதில்லை. ஏன்? ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஓர் உயிர் ஊசலாடுகிறது.

நம் போன்ற அரசியல் ஊழியர்களுக்கு இந்தப் படத்தால் ஆவது என்ன? அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

1509இல் அரியணை ஏறிய ஹென்றி, இறந்துபோன தன் அண்ணன் ஆர்தரின் மனைவி காதரினை மணந்தான். அதற்கென்று போப்பின் தனி அனுமதியும் பெறப்பட்டிருந்தது. ஆண்டுகள் ஓடின. பிழைத்து வளர்ந்தது மேரி என்ற பெண் குழந்தை மட்டுமே. ஆண் வாரிசு வேண்டும் என்ற கவலை ஒருபுறம், ஆன் போலின்மீது கொண்ட காதல் மறுபுறம் அவனை வாட்டின. பழைய மணம் செல்லாது என்று அறிவிக்கும்படி போப்பைக் கேட்டான். காதரினோ பேரரசன் ஐந்தாம் சார்லசின் சிற்றன்னை, போப் இணங்கவில்லை. இணங்காத போப்பின் அதிகாரத்தையே இங்கிலாந்தில் துடைத்துவிடத் துணிந்தான் ஹென்றி. 1533இல் ஆன் போலினை மணந்தான். 1534இல் வாரிசுச் சட்டம் வந்தது; அதை ஏற்றுச் சத்தியம் செய்ய வேண்டும் என்ற ஆணையும் வந்தது. அதே ஆண்டின் இறுதியில், இங்கிலாந்துத் திருச்சபைக்கு மன்னனே தலைவன் என்று மற்றொரு சட்டமும் பிறந்தது.

பிரபுக்கள் பணிந்தனர். பாராளுமன்றம் பணிந்தது. ஜான் ஃபிஷர் என்ற ஒருவரைத் தவிர, பிஷப்புகள் அத்தனை பேரும் பணிந்தனர். 1532இலேயே பதவியைத் துறந்து வீட்டுக்குள் ஒதுங்கிவிட்ட தாமஸ் மோர், 1534 ஏப்ரலில் அழைக்கப்பட்டார். ஆன் போலினின் பிள்ளைகள் ஆளட்டும் என்றால் அதை ஏற்கத் தயார். ஆனால் போப்பின் தலைமையை மறுக்கும் சொற்கள் அடங்கிய சத்தியத்தைச் செய்ய மாட்டேன் என்றார். சிறைக் கதவு திறந்தது.

படத்திலே ஒரு காட்சி. மன்னன் படகிலே வருகிறான், மோரின் வீட்டுக்கு. கரையிலே குதிக்கிறான், கால் சேற்றிலே புதைகிறது. பொன்னாடையிலே சேறு! உடன் வந்த பிரபுக்கள் மூச்சடங்கி நிற்கிறார்கள். மன்னன் சிரிக்கிறான். அவ்வளவுதான், அவர்களும் சிரிக்கிறார்கள். சிரித்தால் போதுமா? ஒருவர் பின் ஒருவராக, பட்டும் பீதாம்பரமுமாக, அவர்களும் சேற்றிலே குதிக்கிறார்கள்! மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி என்பார்கள். மன்னன் சேற்று வழி போனாலும் அதே வழிதானா? ஜின்னமன் ஒரு சொல்லும் பேசாமல், அரசவை என்பது யாது என்பதை அரை நிமிடத்திலே காட்டிவிடுகிறார்.

நாட்டிலே அத்தனை பேரும் கையெழுத்திட்ட பிறகு, பதவியும் படையும் இல்லாமல் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கிழவரின் கையெழுத்து எதற்கு? விட்டுவிட்டால் முத்திரை தேய்ந்துவிடுமா, முடி சரிந்துவிடுமா? ஆனாலும் ஹென்றிக்கு உறக்கம் வரவில்லை. காரணம், மோர் நேர்மையானவர். நேர்மையானவர் என்று ஊரறிந்தவர். ஆயிரம் பேர் ஆமாம் போட்டாலும், அவர்கள் எதற்காகப் போட்டார்கள் என்பது மன்னனுக்கே தெரியும். விலைக்கு வாங்கிய வாழ்த்து காதுக்கு இனிக்கும், நெஞ்சுக்கு இனிக்காது. வாங்க முடியாத ஒருவன் வாய் திறந்து வாழ்த்தினால்தான், தான் செய்தது சரியென்று மன்னன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியும். அதிகாரத்தின் ஏழைமை அது! உலகத்தையெல்லாம் உருட்டி மிரட்டிய பிறகும், ஓர் உத்தமனின் ஒப்புதலுக்காக அது கையேந்தி நிற்கிறது. கிடைக்காதபோது, ஏந்திய கையே கோடரியை எடுக்கிறது.

மோர் சாகத் துடித்தவர் அல்லர். இதை நன்றாக மனத்திலே இருத்துங்கள். தியாகி என்றாலே தூக்கு மேடைக்குத் துள்ளி ஓடுபவன் என்று நம் நாடகங்கள் காட்டுகின்றன. நானும் நாடகம் எழுதுபவன்தான், எனக்கு அது தெரியும். இந்த மோரோ வழக்கறிஞர். உயிர் பிழைக்க எத்தனை வழிகள் உண்டோ அத்தனையையும் சட்டத்திலே தேடினார். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். சட்டம் கற்றவன் அல்லன். எனினும் அவருடைய வாதம் எனக்குப் புரிகிறது. மன்னனின் பட்டத்தை மறுத்துப் பேசினால் துரோகம் என்றது சட்டம். பேசவே இல்லை என்றால்? மறுத்தேன் என்று எப்படிச் சொல்வீர்கள்? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் ஊரிலே சொல்வதுண்டு அல்லவா? அதே விதியை அந்த நாட்டுச் சட்டமும் அறியும். வழக்கு மன்றத்திலே அதைத்தான் கேடயமாக எடுத்தார் மோர். தாமஸ் குரோம்வெல் விடுவானா? மோரின் மௌனத்தை இங்கிலாந்து முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறதே என்று படத்திலே அவன் வாதாடுகிறான். பேசினால் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம்! கொடுங்கோன்மை கடைசியிலே வந்து சேரும் இடம் இதுதான்.

சட்டத்தைப் பற்றி இன்னொரு காட்சி. தீயவனைப் பிடிப்பதற்காக நாட்டின் சட்டங்களையெல்லாம் வெட்டிச் சாய்க்கலாம் என்று துடிக்கிறான், மோரின் மருமகனாக வரவிருக்கும் இளைஞன். மோரின் மறுமொழியின் சாரம் இது: காட்டையெல்லாம் அழித்துவிட்டுச் சாத்தானைத் துரத்துகிறாய், அவன் திரும்பி உன்னைத் துரத்தும்போது எந்த மரத்தின் பின்னே ஒளிவாய்? தோழர்களே, எதிரியை ஒடுக்கச் சட்டத்தை வளைக்கலாம் என்று எந்த மேடையிலாவது கைதட்டல் எழும்போது, இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

1535 ஜூலை 1ஆம் நாள், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலே விசாரணை. நீதிபதிகளின் வரிசையிலே ஆன் போலினின் தந்தை, உடன்பிறந்தான், தாய்மாமன் நார்ஃபோக் பிரபு! ஆனாலும் மௌனக் கேடயத்தை உடைக்க ஒரு பொய் தேவைப்பட்டது. அதைச் சுமந்து வந்தவன் ரிச்சர்டு ரிச். மோரின் புத்தகங்களை எடுத்துப் போகச் சிறைக்குச் சென்றவன், அங்கே தனிமையிலே மோர் மன்னனின் தலைமையை மறுத்துப் பேசினார் என்று சத்தியம் செய்தான். மோர் அதைப் பொய்ச் சத்தியம் என்றார். தலை போயிற்று.

இந்த ரிச், படத்தின் தொடக்கத்திலே யார்? வேலை தேடி அலையும் இளைஞன். மோரின் வீட்டுத் திண்ணையைத் தேய்ப்பவன். அரசவை வேண்டாம், ஆசிரியனாகப் போ என்று மோர் அறிவுரை சொல்கிறார். அவனுக்குக் கசக்கிறது. மோர் கொடுத்த வெள்ளிக் கிண்ணத்தை விற்று உடை வாங்குகிறான். அது முதல் தவணை. அந்தக் கிண்ணத்தின் கதையைக் குரோம்வெல்லிடம் சொல்லிப் பதவி வாங்குகிறான்; அது இரண்டாவது. பொய் சொல்லி, கழுத்திலே வேல்ஸ் நாட்டு அதிகாரியின் சங்கிலியோடு நிற்கிறான். அது கடைசித் தவணை. ஒரே நாளிலே மனச்சான்றை விற்றவன் உலகத்திலே இல்லை. சில்லறையாகத்தான் விற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இது சிறியதுதானே என்று தேற்றிக்கொள்கிறார்கள். தவணைகள் தீரும்போது, விற்றவனிடம் விற்பதற்கு மிச்சமில்லை.

முடிவிலே நீதி வென்றதா? மோர் இறந்து ஓராண்டு நிறையும் முன், 1536 மே 19இல் ஆன் போலினின் தலையும் வெட்டப்பட்டது. 1540இல் குரோம்வெல்லின் தலையும் அதே குன்றிலே விழுந்தது. ஆனால் ரிச்? 1547இல் அவனே லார்டு சான்சலர் ஆனான்! 1567வரை வாழ்ந்து படுக்கையிலே இறந்தான். பொய்யனைப் பாம்பு கடித்தது என்று முடித்திருந்தால் கொட்டகையிலே விசில் பறந்திருக்கும். போல்ட் அப்படி முடிக்கவில்லை. வரலாறு எப்போதும் வட்டியோடு கடன் தீர்ப்பதில்லை.

இனி, படம் சொல்லாமல் விட்டதையும் சொல்லியாக வேண்டும். போற்றுவதற்காக மறைப்பது நமக்கு வழக்கமாகிவிடக்கூடாது. மோர் சான்சலராக இருந்த காலத்திலே, மாற்றுச் சமயக் கருத்துக் கொண்டவர்கள் என்று ஆறு பேர் தீயிலே எரிக்கப்பட்டனர். அந்தத் தண்டனை சரியென்றே மோர் வாதிட்டார். தம் எழுத்திலும் அதை ஆதரித்தார். தம் மனச்சான்றுக்கு மன்னனிடம் இடம் கேட்டவர், அந்த ஆறு பேரின் மனச்சான்றுக்கு இடம் தந்தாரா? தரவில்லை. 1935இலே கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்றது. 2000இலே அரசியல்வாதிகளின் பாதுகாவலர் என்றும் அறிவித்தது. அந்தப் பட்டங்களுக்கு நடுவிலும் ஆறு நெருப்புகளின் புகை அடங்கவில்லை. திரையிலே கண்ட மோர், மெய்யான மோரின் ஒரு பாதியே.

அப்படியானால் போல்ட் ஏன் இவரைத் தேர்ந்தார்? அவர் கத்தோலிக்கர் அல்லர். கிறித்தவர் என்றுகூடத் தம்மைச் சொல்லிக்கொள்ளாதவர். மோரின் மதம் அவரை இழுக்கவில்லை. சத்தியம் என்று ஒன்றைச் செய்யும்போது மனிதன் தன்னையே ஈடு வைக்கிறான் என்று மோர் நம்பினாரே, அந்த உறுதிதான் இழுத்தது. 1960இலே லண்டன் மேடையேறியது நாடகம். 1961இலே என்ன நடந்தது? அணுகுண்டுக்கு எதிரான அறப்போராட்டத்தை விட்டு விலக மறுத்ததற்காக, அறிஞர் பெர்ட்ராண்டு ரஸ்ஸல் முதலியோரோடு போல்ட்டும் சிறை சென்றார். ஒரு மாதத் தண்டனை. அப்போது அவர் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்துக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தார். வேலை நின்றது, பணம் முடங்கியது, எத்தனையோ பேரின் பிழைப்பு இதிலே இருக்கிறது என்று தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் மன்றாடினார். இனி ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதிமொழியிலே போல்ட் கையெழுத்திட்டார். காலம் முடியும் முன்பே வெளியே வந்தார். கையெழுத்திட மறுத்தவரைக் காவியமாக்கிய கையே கையெழுத்திட்டது! பிறகு அதற்காக அவர் வருந்தினார்.

இதைச் சொல்லி அவரை எள்ளி நகையாட நான் வரவில்லை. கையெழுத்துக் கேட்பவன் எப்போதும் கோடரியோடு வருவதில்லை என்பதற்காகச் சொன்னேன். நண்பனாக வருவான், நாலு பேரின் பிழைப்பைக் காட்டுவான், இதிலே என்ன இருக்கிறது, ஒரு தாள்தானே என்பான். கோடரியை எதிர்த்து நிற்பவனும் அந்தக் கனிவின் முன்னே குனிந்துவிடுவான்.

தோழர்களே! உங்களிடமும் ஒருநாள் ஒரு தாள் நீட்டப்படும். ஊராட்சி மன்றத்தின் தீர்மானமாக இருக்கலாம். ஒப்பந்தக்காரனின் பட்டியலாக இருக்கலாம். நடக்காததை நடந்ததாகச் சொல்லும் சாட்சியமாக இருக்கலாம். படித்துப் பாருங்கள். போட முடியாது என்று தோன்றினால், பேனாவை மூடி வையுங்கள். முதல் தவணையிலே மறுப்பது எளிது; மூன்றாவதிலே முடியாது.

இன்னொன்றும் உண்டு, அது இதைவிடக் கடினம். அதிகாரம் நம் கைக்கு வரும் நாளும் உண்டு. மன்றத்திலே நூறு கைகள் உயரும்போது, ஒரு கை மட்டும் உயராமல் இருக்கும். அந்த ஒருவனை நாம் என்ன செய்வோம்? துரோகி என்று தூற்றுவோமா? அவனுடைய மௌனத்துக்கு உரை எழுதுவோமா? அல்லது, எண்ணிக்கையிலே தோற்றுப்போகட்டும், எழுந்து நடக்கும் உரிமையோடு வீடு போய்ச் சேரட்டும் என்று விடுவோமா? மோர் தமக்குக் கேட்டதும், அந்த ஆறு பேருக்குத் தராததும் இதுதான். கேட்கத் தெரிந்த நாம், கொடுக்கவும் கற்றுக்கொள்வோம்.