மையம் எங்கே நடந்தது?



கல்வித்துறையில் 'குறைதீர் கற்பித்தல்' என்றொரு சொல் புழங்குகிறது. யாருடைய குறை என்று அது சொல்வதில்லை. கேட்பவர்கள் பிள்ளையின் குறை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அதையொட்டி வந்தது இல்லம் தேடிக் கல்வி. மாலை நேர வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர் தமிழ்நாட்டு ஊரகப் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது, அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்று கண்டார்கள். இதைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. ஆனால் சராசரி என்பது ஊரையும் காலனியையும் சேர்த்துக் கூட்டி வகுத்த எண்.

நாங்கள் சில மையங்களில் போய் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு மையம் ஊருக்குள் கோயில் மண்டபத்தில் நடந்தது. பதிவேட்டில் காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேர். மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை. காலனிக்குப் போய்க் கேட்டோம். "அங்க ஏறக் கூடாதுன்னு ஆயா சொல்லுச்சு" என்றாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. பதிவேட்டில் அவளுக்கு வருகை போட்டிருந்தது.

இன்னொரு மையம் காலனியிலேயே, பட்டம் படித்த நம் பெண் ஒருவரின் வீட்டு வாசலில். அங்கே முதல் வாரம் கூட்டமில்லை. அம்மாக்கள் நடவு முடிந்து வர ஆறரை ஆகும். அதுவரை தம்பி, தங்கையைப் பார்ப்பது பெரிய பிள்ளையின் வேலை. "தூக்கிட்டே வாங்க" என்றார் அவர். அதன்பின் வாசல் நிறைந்தது. எந்தப் பயிற்சிக் கையேடும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலையிலிருந்து தொடங்கும் முறை. நல்ல முறைதான். நாங்கள் பார்த்த ஒரு வகுப்பில் அரும்பு முழுக்கக் காலனிப் பிள்ளைகள், கதவோரம். மற்ற பிள்ளைகள் தெருவிலும் அவர்களை "அரும்பு" என்றே கூப்பிட்டார்கள். அழகான பெயர் வசவாக மாற ஒரு பருவம் போதுமாக இருந்தது. அரும்பிலிருந்து மலருக்கு எத்தனை பேர் போனார்கள், அவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று கேட்டோம். அப்படி ஒரு கணக்கு அந்தப் பள்ளியில் இல்லை.

பொங்கல் கழிந்ததும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போகும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வு நாளில் இல்லாத பிள்ளை சராசரியைக் குறைப்பதில்லை.

ஆகவே இந்த ஒன்றியத்து மையங்களை நாமே கணக்கெடுக்கப் போகிறோம். மையம் எங்கே நடந்தது, யார் நடத்தினார், எந்தப் பிள்ளை வரவில்லை, ஏன்? மூன்று பக்கப் படிவம் தயாராக இருக்கிறது. வர விரும்பும் மாணவத் தோழர்கள் இன்றே பெயர் கொடுங்கள். ஐந்து மணிக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. அம்மாக்கள் வேலையிலிருந்து திரும்பும் வரை இருக்க வேண்டும்.