நல்லவருக்கு வந்த கோபம்



கி.பி. 405 வாக்கில் ரோம் நகரில் நடந்தது இது. நாலு பேர் கூடியிருந்த இடத்தில் ஆயர் ஒருவர், ஆப்பிரிக்காவின் வடகரையில் ஹிப்போ நகரத்து ஆயராக இருந்த அகுஸ்தீன் எழுதிய நூலிலிருந்து ஒரு வரியை எடுத்துச் சொன்னார். கடவுள் எதைக் கட்டளையிட்டாலும் சரி, அதைச் செய்கிற பலத்தையும் அவரே தந்துவிட வேண்டும் என்கிற வேண்டுதல் அது. கேட்டுக்கொண்டிருந்த பெலாஜியஸ் என்பவருக்கு அது பொறுக்கவில்லை. படபடவென்று மறுத்துப் பேசி, சொன்னவரோடு சண்டைக்கே போகாத குறை. இதைப் பின்னாளில் எழுதிவைத்தவர் அகுஸ்தீன்தான்.

ஜெபத்தைக் கேட்டு ஒரு மனிதருக்குக் கோபம் வருவானேன்?

பெலாஜியஸ் கெட்டவர் அல்ல. பிரிட்டன் தீவிலிருந்து ரோமுக்கு வந்தவர். துறவு வாழ்க்கை வாழ்ந்தவர். ஆரம்பத்தில் அகுஸ்தீனே அவரைப் புனிதமான மனிதர் என்று கேள்விப்பட்டதாக மரியாதையோடுதான் எழுதினார். அன்றைய ரோமில் கிறிஸ்தவராக இருப்பது ஆதாயமான காரியமாகிவிட்டது. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, பழைய வாழ்க்கையை அப்படியே நடத்தி, கேட்டால் ‘நாம் பலவீனர்கள்தானே’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் கூட்டம் பெருகியிருந்தது. அந்தச் சாக்கைத்தான் அவர் வெறுத்தார். 413இல் தெமெத்ரியாஸ் என்ற பெரிய இடத்துப் பெண் துறவறம் ஏற்றபோது, அவளுக்கு நீண்ட கடிதம் எழுதினார். நன்மை செய்யும் ஆற்றலைக் கடவுள் மனித இயல்பிலேயே வைத்திருக்கிறார். முடியாததை அவர் கேட்க மாட்டார். ஆகவே முயற்சி செய் என்பது அதன் சாரம். இன்று எந்தப் பள்ளி ஆண்டு விழாவிலும் கைதட்டு வாங்கக்கூடிய பேச்சு.

அகுஸ்தீனுக்கு இது ஒத்துவரவில்லை. காரணம், தன் மனம் அவருக்குத் தெரியும். பதினாறு வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பசி இல்லை, வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது, திருடியதையும் பன்றிகளுக்குத்தான் எறிந்தார்கள். தப்பு என்பதற்காகவே தப்பு செய்தேன் என்கிறார். பிறகு மிலான் நகரில், திருந்த வேண்டும் என்று ஆசைப்பட்டும் திருந்த முடியாமல் வருஷக்கணக்கில் தத்தளித்தார். 386இல் அங்கே ஒரு தோட்டத்தில் அவர் மனம் திரும்பியது. தானாகத் திரும்பவில்லை, திருப்பப்பட்டது என்றே கடைசிவரை சொன்னார். பத்து வருஷம் கழித்து, சிம்பிளிசியன் என்பவர் கேட்ட கேள்விகளுக்காகப் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தை உட்கார்ந்து அலசியபோது அந்த எண்ணம் உறுதிப்பட்டது. மனிதனின் சுதந்திரத்தை நிலைநாட்டத்தான் நானும் பாடுபட்டேன், ஆனால் கடவுளின் கிருபையே ஜெயித்தது என்று முதுமையில் நினைவுகூர்ந்தார். நற்செயலுக்குப் பரிசாகக் கிருபை வருவதில்லை. நல்லது செய்ய வேண்டும் என்கிற விருப்பமே கிருபையால்தான் வருகிறது. அங்கே வந்து நின்றார் அவர்.

இந்தச் சண்டையின் வேர் இயேசு சொன்ன ஒரு கதையிலேயே இருக்கிறது. மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரம். திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் ஆள் பிடிக்கிறார், கூலி ஒரு வெள்ளிக்காசு என்று பேசி முடிக்கிறார். ஒன்பது மணிக்கும் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இன்னும் ஆள் எடுக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, யாரும் கூப்பிடாமல் சும்மா நின்றவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் அதே ஒரு காசு. வெயிலில் காய்ந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். கடைசியில் வந்தவரிலிருந்து தொடங்கி கூலி கொடு என்று முதலாளி சொல்கிறார். காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால், அவர்கள் பேசிய கூலியை வாங்கி முடிந்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். தகராறே வந்திருக்காது. முதலாளி வேண்டுமென்றேதான் அவர்களைப் பார்க்க வைக்கிறார். கிருபை தோற்றவனுக்கு இனிக்கும், உறுத்துவது உழைத்தவனுக்குத்தான். பெலாஜியஸ் விடியற்காலையிலேயே வேலைக்கு வந்த ஆள்.

நம் ஊரிலும் இதற்கு நெருங்கிய ஒரு வாதம் உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனையோ தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். இதில் எது இறைவனின் அருளுக்குச் சரியான உவமை என்று வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, பிறகு ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அருள் என்ற பேச்சைக் கிறிஸ்தவத்தில்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. அகுஸ்தீன் சந்தேகமில்லாமல் பூனைக் கட்சி. பெலாஜியஸைக் குரங்குக் கட்சியிலும் சேர்க்க முடியாது. அவர் குட்டியை நடந்தே வரச் சொன்னவர்.

418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸின் போதனையைத் தள்ளினார்கள். ரோமாபுரியின் போப்பும் அதை ஏற்றார். வழக்கில் அகுஸ்தீன் வென்றார். வென்ற கையோடு ரொம்ப தூரம் போய்விட்டார் என்பது என் எண்ணம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த கைக்குழந்தைக்கும் தண்டனை உண்டு, மிக லேசானதாக இருந்தாலும் உண்டு என்றார். மீட்பு முழுக்கக் கடவுளின் கையில் என்றால், ஒருவனைத் தூக்கி இன்னொருவனை விடுவது ஏன் என்ற கேள்விக்கு, அவருடைய தீர்ப்புகள் நம் அறிவுக்கு எட்டாதவை என்று பவுலைப் போலவே நிறுத்திக்கொண்டார். அவர் இறந்து ஏறக்குறைய நூறு வருஷம் ஆனபின், 529இல், பிரான்ஸின் ஆரஞ்சு நகரில் கூடிய ஆயர்கள் நிதானமாக ஒரு கோடு கிழித்தார்கள். விசுவாசத்தின் முதல் அசைவும் கிருபையே என்று ஏற்றார்கள். தீமை செய்யவே கடவுள் சிலரை முன்குறித்தார் என்று எவராவது சொன்னால் அதைக் கடுமையாக மறுத்தார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த கேள்வியைக் கேட்டவர்கள் ஆயர்கள் அல்ல. இன்றைய துனிசியாவில் சூஸ் என்று வழங்கும் ஊர், அன்று ஹத்ருமேத்தும். அங்கே ஒரு துறவி மடம். புளோருஸ் என்ற துறவி, அகுஸ்தீன் எழுதிய கடிதமொன்றை வெளியூரில் பார்த்து, படியெடுத்து மடத்துக்கு அனுப்பினார். மடம் இரண்டுபட்டது. 426 வாக்கில் இளந்துறவிகள் இருவர் ஹிப்போவுக்கே கிளம்பி வந்துவிட்டார்கள். அகுஸ்தீன் அப்போது எழுபதைத் தாண்டிய கிழவர். அவர்களை ஈஸ்டர் முடியும்வரை தங்க வைத்துப் பாடம் சொன்னார். மடத்துக்காக ஒரு நூலும் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த பிறகு மடத்தில் ஒருவர் கேட்டாராம்: எல்லாம் கிருபை என்றால், கட்டளையை மீறுகிறவனை மூத்தவர்கள் ஏன் கண்டிக்க வேண்டும்? அவனுக்காக ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கலாமே?

தூக்கம் கலையாமல் காலை ஜெபத்துக்கு வந்து திட்டு வாங்கிய யாரோ கேட்டது போலத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேள்வி சரியான இடத்தில் அடிக்கிறது. அகுஸ்தீன் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு நூல் எழுதினார். வழி தவறியது உன் சொந்தக் குற்றம், அதைக் கடவுள் தலையில் கட்டாதே. கண்டிப்பும் அவர் கையில் ஒரு மருந்தாகலாம். எந்த வார்த்தையை வைத்து ஒருவனைத் திருப்புவார் என்பது நமக்குத் தெரியாது. யார் மீட்புக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர் என்பதும் தெரியாது. ஆகவே மூத்தவர்கள் ஒருவரையும் விலக்காமல், எல்லாரும் மீட்கப்பட வேண்டும் என்ற ஆசையோடும் அன்போடும் கண்டிக்கட்டும். கூடவே ஜெபிக்கவும் செய்யட்டும் என்று எழுதியனுப்பினார்.